சேவைத் தொழில்களில் சூழல்சார் புத்தாக்கம்: பழவேற்காடு ஏரிக் கிராமங்கள்

சேவைத் தொழில்களில் சூழல்சார் புத்தாக்கம் என்பது, பொருளை உற்பத்தி செய்யாமல் பணியை விற்கும் தொழில்கள், தம்மால் நீருக்கும் நிலத்துக்கும் உயிரினங்களுக்கும் ஏற்படும் கேட்டைக் குறைக்கும் வகையில் தம் பணிமுறையை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். படகுச் சவாரி, உணவகம், விடுதி, போக்குவரத்து, மருத்துவமனை, ஏலக்கூடம், பழுதுபார்ப்பு ஆகியவை சேவைத் தொழில்கள். இத்தகைய மாற்றத்தைத் தூண்டுபவை எவை என்பது பொருளியலிலும் மேலாண்மையியலிலும் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. சட்டம், செலவுச் சிக்கனம், வாடிக்கையாளர் விருப்பம், வெளியாருடன் கூட்டு, தொழில் செய்வோருக்குள்ள உரிமை என்று ஐந்து காரணிகளாக விடைகளைத் தொகுக்கலாம்.

இக்கட்டுரை அக்காரணிகளைத் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களை முன்வைத்து விளக்குகிறது. சட்டம் ஒரு தொழிலை மாற்றத் தொடங்கிவைக்கும். ஆனால் அந்த மாற்றம் நிலைக்க வேண்டுமானால், தொழில் செய்பவருக்கு நாளையும் இதே தொழிலைச் செய்யலாம் என்ற உறுதி வேண்டும். பழவேற்காட்டின் அனுபவம் காட்டுவது இதைத்தான்.

சொற்களின் பொருள்

புத்தாக்கம் என்றவுடன் புதிய இயந்திரமே பலருக்கும் நினைவுக்கு வரும். பணிமுறையில் செய்யும் மாற்றமும், பணியை ஒழுங்கமைக்கும் முறையில் செய்யும் மாற்றமும்கூடப் புத்தாக்கமே. உணவகம் ஒன்று நெகிழித் தட்டை விட்டு வாழையிலைக்கு மாறுவது பழைய வழக்கத்துக்குத் திரும்புவதுபோல் தோன்றலாம். ஆயினும் அத்தொழிலின் இன்றைய நடைமுறையில் அது புதிய மாற்றம் என்பதால் புத்தாக்கத்தில் சேரும். உலகிலேயே முதன்முறையாகச் செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை; அந்தத் தொழிலுக்கு அது புதியதாக இருந்தால் போதும்.

சேவைத் தொழில்கள் தொழிற்சாலையிலிருந்து சில வகைகளில் வேறுபடுகின்றன. சேவையைச் சேமித்து வைக்க இயலாது. அது நடக்கும்போதே நுகரப்படுகிறது. வாடிக்கையாளர் சேவை நடக்கும் இடத்திலேயே இருப்பார். சேவையின் தரத்தில் அவருக்கும் பங்கு உண்டு. படகில் ஏறியவர் தண்ணீர்ப் பாட்டிலை ஏரியில் எறிந்தால், படகுக்காரர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. பெரும்பாலான சேவைத் தொழில்கள் சிறியவை. அவற்றுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் கிடையாது. பிரித்தானிய ஆய்வாளர் கீத் பாவிட் 1984இல் தொழில்களை வகைப்படுத்தியபோது, பல சேவைத் தொழில்களைக் கருவி விற்பவர்களைச் சார்ந்து மாறுபவை என்ற வகுப்பில் வைத்தார். படகுக்காரர் என்ஜினை வடிவமைப்பதில்லை. கடையில் கிடைப்பதையே வாங்குகிறார். எனவே அவருடைய கையில் இருப்பது பெரும்பாலும் பணிமுறையை மாற்றும் வாய்ப்புதான்.

ஏரியும் ஊர்களும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். பருவத்துக்கேற்ப அதன் பரப்பு ஏறத்தாழ 250 முதல் 460 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து சுருங்கும். பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணி ஆறு தெற்கிலும் காளங்கி ஆறு வடமேற்கிலும் ஏரியில் கலக்கின்றன. சிறீஅரிக்கோட்டைத் தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அவர்களது கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழமே கொண்டது. ஆழம் குறைந்த நீரில் சிறிய கேடும் விரைவில் பெரிதாகும். என்ஜின் விசிறி அடிச்சேற்றைக் கலக்கும். கசியும் எண்ணெய் மேற்பரப்பில் பரவும். எறியப்படும் பை அடியில் தங்கும். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் அடைபடும்போது கடல்நீர் வரத்துக் குறைகிறது. இறால் குஞ்சுகளும் மீன்களும் உள்ளே வருவது தடைபடுகிறது. ஊரார் கூடி மணலைத் தோண்டி வாயைத் திறந்ததும் உண்டு. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க, இருபுறமும் கற்சுவர் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டுள்ளது.

குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் பலவகை வலசைப் பறவைகளும் இங்கு வருகின்றன. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவே என்பதால் விடுமுறை நாட்களில் பயணிகள் பெருமளவில் வருகின்றனர்.

கிராமங்களில் உள்ள சேவைத் தொழில்கள்

மீன்பிடித்தல் முதல்நிலைத் தொழில். அது சேவைத் தொழில் ஆகாது. ஆனால் அதைச் சுற்றிப் பல சேவைகள் இயங்குகின்றன. கரையில் ஏலம் நடத்துவோர், ஐஸ் கொண்டுவருவோர், மீனை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர், வலை பழுதுபார்ப்போர், என்ஜின் மெக்கானிக், கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்கள் ஆகியோரை ஒரு பிரிவாகக் கொள்ளலாம். பயணிகளைச் சார்ந்த உணவகங்கள், மீன் பொரித்துத் தரும் கடைகள், ஷேர் ஆட்டோக்கள், படகுச் சவாரி ஆகியவை மற்றொரு பிரிவு.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முதல் பிரிவின் வருமானம் மீன்வளத்தைப் பொறுத்தது. ஏரி கெட்டால் அவர்களுக்கு உடனே தெரியும். இரண்டாம் பிரிவின் வருமானம் கூட்டத்தைப் பொறுத்தது. ஏரி மெல்ல மெல்லக் கெடும்போதும் கூட்டம் சில ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கும். பயணிகளைச் சார்ந்த தொழில்களில் சூழல் அக்கறை தாமதமாகத் தோன்றுவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

தூண்டும் காரணிகள்

1. சட்டமும் ஒழுங்குமுறையும்

ஒரு படகுக்காரர் எண்ணெய் கசியாத விலை உயர்ந்த என்ஜினை வாங்குகிறார் என்று கொள்வோம். செலவு முழுவதும் அவருடையது. தூய்மையான நீரின் பயன் ஏரியை நம்பும் அனைவருக்கும் போகிறது. இந்நிலையில் தானாக முன்வந்து மாறுவோர் சிலரே இருப்பர். ஜெர்மானியப் பொருளியலாளர் கிளவுஸ் ரென்னிங்ஸ் 2000இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவுபடுத்தினார். மற்றப் புத்தாக்கங்களுக்குத் தொழில்நுட்பத்தின் தள்ளுதலும் சந்தையின் இழுப்பும் போதும். சூழல்சார் புத்தாக்கத்துக்குச் சட்டத்தின் தள்ளுதலும் தேவை என்பது அவர் வாதம்.

ஏரி சார்ந்த சட்டங்களில் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, 1991 பிப்ரவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. இது பின்னர் 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்டது. இரண்டாவது, 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. இறால் பண்ணை சேவைத் தொழில் அன்று. எனினும் சட்டம் ஒரு தொழிலின் எல்லையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இது ஏரியின் சொந்த எடுத்துக்காட்டு. மூன்றாவது, 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கான தடை. இது உணவகங்களையும் மீன் கடைகளையும் நேரடியாகத் தொடுகிறது.

சட்டம் கடுமையாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது. ஆர்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991இலும், பின்னர் கிளாஸ் வான் டெர் லிண்டேயுடன் இணைந்து 1995இலும் எழுதியவை இங்கு உதவும். நன்கு அமைந்த ஒழுங்குமுறை, தொழில்களைப் புதிய வழி தேட வைத்து, அதனால் வரும் பயனே செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்றனர். நன்கு அமைந்த என்பதற்கு அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது: அடைய வேண்டிய விளைவைச் சட்டம் சொல்ல வேண்டும், அதை அடையும் வழியைத் தொழில் செய்வோரிடம் விட வேண்டும், மாறுவதற்குக் காலம் தர வேண்டும்.

2. செலவுச் சிக்கனம்

சூழலுக்கு நல்லது பணத்துக்கும் நல்லது என்று அமையும் இடங்களில் மாற்றம் எளிதாக நடக்கும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில், வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 சனவரியில் ஆதித்யா என்ற சூரிய ஆற்றல் படகு ஓடத் தொடங்கியது. 75 பயணிகளை ஏற்றும் இப்படகை மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இயக்குகிறது. டீசல் செலவு மிச்சமானதே துறையை மேலும் இத்தகைய படகுகளை நோக்கி நகர்த்திய முக்கியக் காரணம். இரைச்சலும் புகையும் எண்ணெய்க் கசிவும் இல்லாமற் போனது கூடுதல் பயன்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் வலுவான சான்று மருத்துவத் துறையில் உள்ளது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கும் அறுவைச் சிகிச்சை எட்ட வேண்டும் என்பதற்காகச் செலவைக் குறைத்தது. கருவிகளைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்துதல், அறுவை அரங்கின் பணிகளை வரிசைப்படுத்துதல் போன்ற முறைகளை வகுத்தது. 2017இல் வெளியான ஆய்வின்படி, அங்கு நடக்கும் ஒரு கண்புரை அறுவைச் சிகிச்சையால் வெளியாகும் பசுங்குடில் வளிமம், இங்கிலாந்தில் அதே சிகிச்சைக்கு ஆவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே. சூழலைக் காப்பது அவர்களின் தொடக்க நோக்கம் அன்று. வீணடிக்காமல் வேலை செய்ததன் விளைவாக அது கிடைத்தது.

பழவேற்காட்டுப் படகுக்காரருக்கும் எரிபொருளே பெரிய செலவு. ஆனால் சூரியப் படகு வாங்கத் தொடக்கத்தில் பெருந்தொகை வேண்டும். அரசுத் துறையால் முடிந்தது தனி ஒருவரால் முடியாது. செலவுச் சிக்கனம் என்ற காரணி, முதலீடு கிடைக்கும் இடத்தில்தான் வேலை செய்யும்.

3. வாடிக்கையாளர் விருப்பம்

தூய்மையான இடத்தையே மக்கள் விரும்புவர்; ஆகவே தொழில்கள் தாமே மாறும் என்று கருதுவோர் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு வழங்கும் இச்சான்றுக்கு நீரின் தரம், கழிவு மேலாண்மை, பாதுகாப்பு முதலிய 33 அளவுகோல்கள் உள்ளன. பயணி தன் கண்ணால் காண முடியாத நீரின் தரத்தை, ஒரு கொடியைக் கொண்டு அறிந்துகொள்கிறார்.

சான்று இல்லாத இடத்தில் பயணிக்கு எதுவும் தெரிவதில்லை. பழவேற்காட்டுக்கு ஒரு நாள் வந்து போகிறவர், படகு பறவைக் கூட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமாகச் செல்லலாம் என்பதை அறியமாட்டார். பூநாரைகள் கூட்டமாக எழுந்து பறப்பதைப் படம் எடுக்க விரும்பி, இன்னும் கிட்டே போகச் சொல்வார். இரை தேடும் பறவை அஞ்சிப் பறப்பது அதற்கு வீண் உழைப்பு. வாடிக்கையாளர் விருப்பம் சூழலுக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. எனவே வாடிக்கையாளருக்குக் கற்பிப்பதும் சேவையின் ஒரு பகுதியாகிறது. நல்ல வழிகாட்டி செய்வது இதைத்தான்.

4. வெளியாருடன் கூட்டு

சிறு தொழில்களுக்கு ஆய்வுக்கூடம் இல்லாததால் அறிவு வெளியிலிருந்து வர வேண்டும். கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் துறைகள், பிற ஊர்க்காரர்கள் ஆகியோர் அதைத் தரலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியராக இருந்த பி. ஜே. சஞ்சீவராஜ் பழவேற்காட்டு உயிரினங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஆர்டே அறக்கட்டளை ஏரியின் மரபையும் பனையோலைக் கைவினையையும் முன்னெடுத்து வருகிறது. இங்குள்ள பெண்கள் முடையும் ஓலைக் கூடைகளும் பெட்டிகளும் நெகிழிப் பைக்கு மாற்றாக உள்ளூரிலேயே கிடைக்கும் பொருள்கள்.

கூட்டு முயற்சிக்குக் கேரளத்தில் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. கொல்லம் மாவட்டம் நீண்டகரையில் 2017இல் சுசித்வ சாகரம் என்ற திட்டம் தொடங்கியது. மீனவர்கள் வலையில் சிக்கும் நெகிழியைக் கடலில் மீண்டும் போடாமல் துறைமுகத்துக்குக் கொண்டுவருகின்றனர். அங்கு பெண்கள் அதைத் தரம் பிரிக்கின்றனர். துண்டாக்கப்பட்ட நெகிழி சாலை போடப் பயன்படுகிறது. மீனவர்கள், துறைமுகத் துறை, உள்ளூர்ப் பெண்கள் என்று ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்ததால் இச்சேவை உருவானது. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. குப்பையைக் கரைக்குக் கொண்டுவந்தால் அதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் உண்டு என்ற உறுதியே தேவைப்பட்டது.

5. உரிமையும் ஊர் ஒழுங்கும்

பொருளியல் நூல்கள் அதிகம் பேசாத காரணி இது. பழவேற்காட்டு மீனவர்களோ இதைப் பன்னெடுங்காலமாக அறிவர். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்கள் எல்லாம் ஒரே அளவு விளைச்சல் தருபவை அல்ல. நல்ல இடத்துக்கு எல்லோரும் போட்டியிட்டால் சண்டையும் மிகைப்பிடிப்பும் ஏற்படும். இதைத் தவிர்க்க ஏற்பட்டதே பாடு என்னும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இம்முறை வழங்கி வருகிறது. தகுதியுள்ள குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டு இடங்களைச் சுற்றி வருகின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். தமக்குரிய முறை தவறாது வரும் என்று தெரிந்தவர் இன்றே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளத் துடிப்பதில்லை.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பாட்டு உரிமை குறிப்பிட்ட ஊரையும் சாதியையும் சேர்ந்த ஆண்களுக்கே உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் முதலிய பிற மக்கள் இதற்கு வெளியே நிற்கின்றனர். இதனால் பூசல்களும் எழுந்துள்ளன. எனவே பாட்டை அப்படியே போற்றுவது பொருந்தாது. அதில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே: உறுதியான உரிமையும் முறைவைத்த பயன்பாடும் சேர்ந்தால் கட்டுப்பாடு உள்ளிருந்தே வரும்.

படகுச் சவாரி: தடையும் அதன் விளைவும்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் மாவட்ட நிர்வாகம் ஏரியில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தது. அத்தனை உயிர்கள் போன நிலையில் தடை விதித்தது இயல்பே. ஆனால் தடைக்குப் பிறகும் சவாரிகள் மறைவாக நடப்பதாகச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியுள்ளன. பயணிகள் வருவது நிற்கவில்லை. மீன்பாடு குறைந்த நாளில் சவாரியால் கிடைக்கும் பணம் ஒரு குடும்பத்துக்குப் பெரிது.

மேலே கண்ட காரணிகளை இந்நிகழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். சட்டம் இருக்கிறது, ஆனால் அது செய்யாதே என்று மட்டும் சொல்கிறது. எவ்வாறு செய்தால் அனுமதி உண்டு என்று சொல்வதில்லை. மறைவாக நடக்கும் தொழிலில் எவரும் முதலீடு செய்யமாட்டார். லைஃப் ஜாக்கெட் வாங்கி அடுக்கினால் சவாரி நடத்துவது வெளியே தெரிந்துவிடும். வங்கி கடன் தராது, காப்பீடு கிடைக்காது, பயிற்சி தர எந்தத் துறையும் வராது. எத்தனை பேரை ஏற்றுவது, பறவைகளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பவற்றுக்கு விதியும் இராது. விதியைக் கேட்கும் உரிமையும் பயணிக்கு இராது. தடையின் நோக்கம் உயிர்காப்பு. மறைவுச் சவாரியில் குறைவது அந்த உயிர்காப்பே. தடையை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. ஒழுங்கில்லாத சவாரியே 2011இல் கண்ட துயரத்துக்கு இட்டுச் சென்றது.

ஆகவே எஞ்சும் வழி, நிபந்தனைகளோடு கூடிய அனுமதி. பயணிகள் படகுகளுக்கான பதிவு, தகுதிச் சான்று, பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றை 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வகுத்துள்ளது. சரணாலயம் என்பதால் வனத்துறையின் ஒப்புதலும் வேண்டும். தமிழ்நாட்டிலேயே பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அலையாத்திக் காடுகளுக்கிடையே படகுச் சவாரியை நடத்தி வருகிறது. அங்கே குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுகளே செல்கின்றன. இரைச்சல் இல்லாத சவாரியைப் பயணிகள் விரும்பி ஏற்கின்றனர்.

சிலிகாவிலிருந்து ஓர் ஒப்பீடு

பழவேற்காட்டைப் போன்ற இன்னோர் ஏரியில் நடந்ததைக் காண்பது பயன் தரும். சிலிகா ஏரியும் முகத்துவாரம் தூர்ந்து உவர்ப்புக் குறைந்து நலிந்தது. 1993இல் ராம்சர் உடன்படிக்கையின் ஆபத்திலுள்ள ஈரநிலங்கள் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. சிலிகா மேம்பாட்டு ஆணையம் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது. ஏரி தேறியதால் 2002இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஏரியின் வடகரையில் மங்கலாஜோடி என்ற ஊர் உள்ளது. அங்கு பறவை வேட்டை ஒரு தொழிலாகவே இருந்தது. ஒயில்டு ஒரிசா என்ற அமைப்பின் முயற்சியால் வேட்டைக்காரர்கள் வேட்டையைக் கைவிட்டுப் பறவைகளைக் காக்கும் சங்கம் அமைத்தனர். பறவை எங்கே இறங்கும், எப்போது எழும் என்று வேட்டையில் கற்ற அறிவு, இப்போது வழிகாட்டித் தொழிலுக்குப் பயன்படுகிறது. என்ஜின் இல்லாத நாட்டுப் படகைக் கழியால் ஊன்றிப் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர்.

இங்கே ஐந்து காரணிகளும் ஒன்றுசேர்ந்தன. வேட்டைத் தடைச் சட்டம் முன்பே இருந்தது. என்ஜின் இல்லாததால் எரிபொருள் செலவில்லை. பறவையை அருகில் அமைதியாகக் காண விரும்பும் பயணிகள் வந்தனர். வெளி அமைப்பு உறுதுணையாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பறவைகள் இருந்தால் தமக்கு வருமானம் உண்டு, அந்த வருமானம் தம் ஊருக்கே வரும் என்ற உறுதி ஊராருக்குக் கிடைத்தது. சட்டம் மட்டும் இருந்த காலத்தில் வேட்டை நிற்கவில்லை என்பதை மறக்கலாகாது.

தடைகள்

பழவேற்காட்டில் மாற்றத்தைத் தடுப்பவை சில. ஏரி இரு மாநிலங்களுக்குரியது. ஒரே நீருக்கு இரு நிர்வாகங்கள். வனம், மீன்வளம், சுற்றுலா, வருவாய் எனப் பல துறைகள் தொடர்புடையவை. ஒரு படகுக்கு அனுமதி வேண்டுமானால் எங்கே தொடங்குவது என்பதே சிறு தொழில் செய்வோருக்குச் சிக்கலாகும்.

இதைவிடப் பெரியது எதிர்காலம் பற்றிய ஐயம். ஏரிக்குத் தெற்கே எண்ணூரும் காட்டுப்பள்ளியும் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் நிறைந்த தொழிற்பகுதியாகிவிட்டன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டத்தை மீனவக் கிராமங்கள் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. ஏரியும் கரையும் பத்து ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கும் என்று தெரியாதவர், பத்து ஆண்டுகளில் பலன் தரும் படகையோ விடுதியையோ கட்டத் துணிவதில்லை. சூழல்சார் புத்தாக்கம் என்பது எதிர்காலத்தை நம்பிச் செய்யும் செலவு. நம்பிக்கை குறையும்போது அச்செலவும் குறைகிறது.

பழவேற்காட்டுக்குப் பொருந்துபவை

மேற்கண்ட செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் சில வழிகள் புலப்படுகின்றன. படகுச் சவாரியை ஊர்ச் சங்கங்களின் பொறுப்பில் விட்டு, படகு எண்ணிக்கைக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கலாம். யாருக்கு எப்போது சவாரி என்பதைப் பாடு போல முறைவைத்துப் பிரித்தால், பயணிகளைப் பிடிக்கும் போட்டியும் அளவுக்கு மீறி ஏற்றும் பழக்கமும் குறையும். ஆனால் பாட்டின் பழைய குறை இங்கே தொடரக் கூடாது; இருளர் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் வழிகாட்டி, உணவகம், கைவினை ஆகிய பணிகளில் பங்கு வேண்டும்.

ஆழமற்ற பகுதியில் கழிப்படகும் துடுப்புப் படகும் போதுமானவை. நீண்ட தூரத்துக்குச் சூரியப் படகைச் சங்கமோ அரசோ வாங்கி வாடகைக்கு விடலாம். உணவகங்கள் வாழையிலைக்கும் தையல் இலைக்கும், மீன் கடைகள் ஓலைப் பெட்டிக்கும் மாறினால், ஏரிக்கு வரும் குப்பை குறைவதோடு ஊர்ப் பெண்களுக்கு வேலையும் கூடும். கிழிந்த வலைகளையும் நெகிழியையும் வாங்கிக்கொள்ளக் கரையிலேயே ஓர் இடம் இருந்தால் நீண்டகரையின் முறை இங்கும் நடக்கும். இவற்றில் எதற்கும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகம் இல்லை.

மாணவர்கள் கவனத்துக்கு

களப்பயணமாகப் பழவேற்காடு அல்லது வேறொரு நீர்நிலைக்குச் செல்லும் மாணவர்கள், அங்குள்ள ஏதேனும் ஒரு சேவைத் தொழிலைத் தேர்ந்து இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை தேடலாம். அத்தொழிலை எந்தச் சட்டம் தொடுகிறது? மாறினால் செலவு கூடுமா, குறையுமா? வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார்? புதிய முறையைக் கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? இந்தத் தொழிலை அடுத்த ஆண்டும் செய்ய முடியும் என்ற உறுதி தொழில் செய்பவருக்கு உண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற விடை வந்தால், முதல் நான்குக்கும் நல்ல விடை இருந்தும் மாற்றம் ஏன் நடக்கவில்லை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.